கொறட்டுக்குள்ளே ஒளிந்த கத்தி

கடக், கடக் என்று இரண்டு சத்தம். பிடிகள் விரியும்போது ஒன்று, குறட்டின் வாய் வெளியே வந்து பூட்டிக்கொள்ளும்போது இன்னொன்று. போன வாரம் பதுளை பஸாரில் ஓர் இரும்புக் கடையில் பைப்புக்கு வாஷர் வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், பக்கத்தில் நின்ற யாருக்கோ அந்தச் சாமானை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மடக்கினார், விரித்தார். கடக், கடக். என்னிடம் ஒரு பழைய கோபம் உண்டு. ஆறிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறவில்லை. நல்லது, ஆற வேண்டாம்.

பார்த்தவர் வாங்காமல் போய்விட்டார். நானா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எடுங்க தம்பி. ஒரே சாமான்ல எல்லாம் இருக்கு. குறடு இருக்கு, ஸ்குரூ டிரைவர் இருக்கு, அரம், டின் வெட்டுறது, சின்ன வாள். கத்தியும் இருக்கு."

"கத்தி எங்க நானா?"

"உள்ளுக்க இருக்கு. இங்க பாருங்க, நகத்தக் குடுத்து இப்பிடி..." நகம் வழுக்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் நெம்பினார். அரம் வந்தது. அதை மடக்கிவிட்டு நெம்பினார். டின் வெட்டுவது வந்தது. "புதுசுதானே. பாவிக்கப் பாவிக்க எளகும்."

"உள்ள ஒளிஞ்சிருக்கிற கத்தி எனக்கு வேணாம் நானா."

"நீங்க ஒரு மாதிரி ஆளு. உள்ளுக்க இருந்தா என்ன, வெளியில இருந்தா என்ன, வெட்டினாச் சரிதானே?"

வாஷரை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கடை வாசலில் நின்று சொல்கிற அளவில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவன் இதைப் படிக்க வேண்டும் என்கிற ஆசையோடு எழுதுகிறேன். அவன் படிக்கிற ஆள் இல்லை. யாராவது அவனுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டட்டும்.

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மரப்பிடி போட்ட பேனாக்கத்தி ஒன்று, மடக்கிய நிலையில். உள்ளங்கைக் குழிக்கு அளவெடுத்தது போல ஒரு பக்கம் மட்டும் லேசாக வயிறு வைத்தது. முனையில் பித்தளைப் பூண், முதுகில் ஓர் இரும்புக் கோடு. அலகு உள்ளே இருந்தாலும் அலகின் முதுகு வெளியே தெரிகிறது, நகம் வைக்க ஒரு பள்ளம் தெரிகிறது. நான் கத்தி, என்னைத் திறந்தால் கத்திதான் வரும் என்று சொல்லிவிட்டே தூங்குகிறது. அதன் அழகு முழுக்க அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. பக்கத்தில் கிடந்த மற்றது நானா காட்டிய மாதிரிச் சாமான், கனமானது, பிதுங்கியது, எல்லாப் பக்கமும் விளிம்பு. விரித்தால் முதலில் வருவது வாய். வாய் நிறைய வரிவரியாகப் பல். எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கிற சாமான். வெட்டுகிற அலகைப் பிடிக்குள் வைத்துக்கொண்டு, வெளியே உதவி செய்கிற முகத்தைக் காட்டுகிற சாமான்.

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும்.

தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எங்கள் வாசலுக்கு நாலு வாசல் தள்ளிப் பிறந்தவன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் உட்கார்ந்தோம். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். கல்யாணத்தால் வந்த உறவில்லை, கூட வளர்ந்ததால் வந்தது. வளர்ந்து அவன் ஆட்டோ ஓட்டினான். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கினான். கை கொஞ்சம் ஓடியதும் லயத்துக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டு போனான், வீட்டோடு சேர்த்து வெள்ளைக்காரர்கள் தங்க இரண்டு அறை. வாசலில் ஒரு போர்டு. சுடுதண்ணீர் உண்டு என்று அதில் இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருந்தது.

அந்த அறையில் தங்கிப் போன யாரோதான் அந்தச் சாமானைக் கொடுத்துவிட்டுப் போனார். தோல் உறையில் போட்டு இடுப்பில் மாட்டுகிற மாதிரி. அன்றிலிருந்து அவன் சாரத்தின் மேல் பெல்ட் கட்ட ஆரம்பித்தான். அவன் அதை மல்டி என்று சொல்வான். லயத்தில் எல்லோரும் கொறடு என்றார்கள்.

கொறடு வந்த பிறகு அவன் கை சும்மா இருக்கவில்லை. சைக்கிள் செயினை இறுக்கினான். கோயில் மணியின் நாக்கைத் திருகினான், அதற்குப் பிறகு மணி தகரம் மாதிரி சத்தம் போட்டது. எங்கள் வீட்டு அடுப்பு மேடையைத் தாங்கிய இரும்புக் காலில் ஒரு நட்டு இருந்தது, ஒரு நாள் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அத விட்டுருங்க. நல்லாத்தான இருக்கு," என்றாள் என் மனைவி.

"நல்லா இருக்கும்போதே இறுக்கிரணும் தங்கச்சி."

"ஒங்க வீட்டு நட்டெல்லாம் முடிஞ்சி போச்சா?"

"எங்க வீட்டுல எல்லாம் வெல்டிங்."

சிரித்தோம். அவனும் சிரித்தான். அந்த நட்டு அதற்குப் பிறகு எந்த ஸ்பேனருக்கும் படியவில்லை. கொறடு கடித்துத் திருகினால் நட்டின் மூலையெல்லாம் தேய்ந்து உருண்டு போகும். உருண்டு போன நட்டைத் திருகக் கொறடுதான் வேண்டும். கொறடு அவனிடம்தான் இருக்கிறது. இப்படியே ஒரு வருஷத்துக்குள் லயம் முழுக்க அவன் வந்தால்தான் எதுவும் திறக்கும் என்று ஆகிப்போனது. அவன் பல் படாத இரும்பு எந்த வீட்டிலும் இல்லை. உபகாரம் என்று பேர்.

என் மனைவி கொழுந்து எடுத்தவள். கூடைக் கயிறு நெற்றியைப் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கழுத்தெலும்பு தேய்ந்து, வலது கை விரல்கள் மரத்துப்போய், கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தைச் சமப்படுத்தி, கம்பு நட்டு, மேலே குறுக்குக் கம்பும் பன்னம் என்கிற காட்டுப் பெரணித் தழையும் போட்டு நிழல் கட்டினாள். தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கிற இடத்தைத் தவறணை என்போம். அவள் தனக்கென்று ஒரு தவறணை போட்டாள். கறுப்புப் பைகளில் மிளகுக் கொடி, தேயிலை, கொஞ்சம் ஆனைக்கொய்யா. பசறைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கேட்டு வைத்துவிட்டுப் போனார்கள். இனி விடியக் காலையில் பெரட்டில், மழையில் நின்று பேர் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் அவளை ஏய் என்று கூப்பிட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் நடந்ததில்லை.

கொடியை வெட்டுவதற்கு அவள் என் பேனாக்கத்தியைத்தான் எடுப்பாள். பசறைச் சந்தையில் சாக்கு விரித்து விற்றவரிடம் நான் வாங்கியது. மாட்டுக் கொம்புப் பிடி, ஒரே அலகு. கணுவுக்குக் கீழே அலகை வைத்துச் சரித்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கொடிக்கு வலித்திருக்காது என்று தோன்றும். வெட்டிய இடம் ஈரமாக, பச்சையாக, கண் திறந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அவன் வந்து, நானும் கொஞ்சம் வெட்டித் தருகிறேன் என்று கொறட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வெட்டியவை எல்லாம் நசுங்கிய முனையிலிருந்து கறுத்துக்கொண்டே மேலே வந்து அழுகின. அவள் அவற்றை ஒரு கட்டாகக் கட்டி அவனிடமே கொடுத்தாள். "அண்ணே, இதுகள நீங்களே வச்சி வளருங்க," என்றாள்.

தண்ணீருக்கு, மேலே காட்டு ஓரத்து ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் இழுத்திருந்தோம். இழுக்கிறபோது அவனும் கூட வந்து தோள் கொடுத்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஊற்று எங்கே, பைப் எந்தத் தேயிலைக்கு அடியில் போகிறது என்று எங்களுக்குப் பிறகு தெரிந்த ஒரே ஆள் அவன்.

எங்கள் ஊவாப் பக்கத்தில் ஆடி வேறு மாதிரி. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிற மாதத்தில் எங்கள் பக்கம் காற்று மட்டும் வரும். பகலெல்லாம் காற்று, மண்ணிலிருந்த ஈரத்தை நக்கிக்கொண்டு போகிற காற்று. இலை சுருங்கும், தேயிலைக்கு வாசம் ஏறும், துரைமாருக்குச் சந்தோஷம். போன ஆடிக்கு முந்தின ஆடியில், அந்தக் காற்று தொடங்கியதும் எங்கள் பைப்பில் தண்ணீர் இளைத்தது. பீப்பாய்க்குள் கொட்டிய சத்தம் சொட்டிய சத்தமாக மாறியது. பிறகு ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தால் பீப்பாயின் அடியில் ஒரு கை ஆழம்.

அவனைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவேன்?

"காத்து அடைச்சிருக்கும் மச்சான்," என்றான். "நீ இரு, நான் போயி எடுத்து விட்டுட்டு வாறேன்."

"நானும் வாறேன்டா."

"என்னாத்துக்கு? ஒருத்தன் வேலை. நீ தங்கச்சிக்கு ஒத்தாசை செய்யி."

தனியாகப் போனான். மத்தியானம் இறங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஊத்தே சுருங்கிப் போச்சி மச்சான். காத்தெல்லாம் எடுத்துட்டேன். ஒண்ணும் செய்ய ஏலாது. இனிச் சாமிதான் வுடணும்."

அவள் அவனுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் அவள் கீழே ஆற்றிலிருந்து, தூக்கக் கூடாத கழுத்தோடு, குடத்தை இடுப்பில் வைத்து ஏறி ஏறித் தூக்கி வந்தது. நான் வேலைக்குப் போகும் முன் கொண்டுவந்து வைத்தது வீட்டுக்கே போதாது, செடிக்கு அவள்தான் போய்க்கொண்டிருந்தாள், சொன்னாலும் கேட்காமல். அவன் ஊதி ஊதிக் குடித்தான். இன்னும் கொஞ்சம் சீனி கேட்டான். அந்த இரண்டாவது கரண்டி சீனியை நான் அவனுக்கு மன்னிக்கப் போவதில்லை.

கன்றுகள் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தன. மிளகுதான் முதலில். இலை ஓரம் பழுத்துச் சுருண்டது. அவள் பையைப் பையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவாள். கங்காணி ஒரு நாள் வாசலோடு போகிறவர் நின்று எட்டிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு ஆள் தேவையாக இருந்தது.

"என்னம்மா, எல்லாம் சாஞ்சி போச்சி போல?"

"தண்ணி இல்லைங்க."

"இதோட மல்லுக்கட்டாம பேசாமப் பெரட்டுக்கு வந்துரு. காலையில பேரு கூப்பிடுறப்ப நின்னாப் போதும். ஒம் பேர நான் இன்னும் வெட்டல."

அவள் சிரித்தாள். "வாறேங்க," என்றாள்.

அவ்வளவு சின்னச் சொல். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை உள்ளே போயிருந்தது, மற்றக் கையை விட மறந்து அப்படியே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பைப்போடு மேலே போனேன். பீப்பாயிலிருந்து தொடங்கி, தேயிலைச் செடிகளின் முட்டிக்கு அடியில் கையை விட்டு, பைப்பைத் தடவிக்கொண்டே ஏறினேன். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. ஏறினேன். சூடு. மழைத்தண்ணீர்க் கான் ஓரத்தில் சூடு, கல்லுக்கு அடியில் சூடு. ஓர் இடத்தில் காய்ந்த பன்னம் யாரோ அள்ளிப் போட்ட மாதிரி குவிந்து கிடந்தது. அதைத் தாண்டிக் கையை வைத்தேன். பைப் குளிர்ந்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்தது. உள்ளே தண்ணீர் ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. ஊற்று சுருங்கவில்லை. ஊற்று எப்போதும் போலக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பன்னத்தைத் தள்ளினேன். எங்கள் பைப்பை அறுத்து நடுவில் ஒரு மூன்று வாய் மூட்டு. மேலிருந்து வருகிற தண்ணீர் முழுக்க ஒரு புதுப் பைப்பில் திரும்பி, மண்ணுக்குள் புதைந்து, கீழே போகிறது. எங்கள் பீப்பாய்க்குப் போகிற பக்கத்தில் பைப்பை மடக்கி, கழுத்தை நெரிக்கிற மாதிரி கம்பி சுற்றி முறுக்கியிருந்தது. கொஞ்சம் கசிய விட்டிருந்தான். முழுக்க நிறுத்தினால் சந்தேகம் வரும் என்கிற அளவுக்கு அறிவு.

கம்பியைப் பார்த்தேன். முறுக்கின இடம் முழுக்கப் பல். குறுக்கும் நெடுக்குமாக, வரிவரியாக, துத்தநாகப் பூச்சு பெயர்ந்து பளபளவென்று. எங்கள் அடுப்புக் கால் நட்டில் இருக்கிற அதே பல். அவன் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

அப்போதே அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. இறங்கி வந்து அவளிடம் சொன்னேன்.

"அண்ணனா?"

"ம்."

"தோட்டத் தலைவர்கிட்டப் போயிச் சொல்லுங்க."

"சொன்னா அவரு ரெண்டு பேரையும் உக்கார வச்சிச் சமாதானம் பேசுவாரு. அவன் பிளேன்டீ குடிப்பான்."

"தண்ணி வந்தாப் போதுங்க. நமக்கு என்னாத்துக்கு வம்பு?"

"தண்ணி மட்டும் வந்தா எனக்குப் போதாது."

அவள் என்னைப் பார்த்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை அழுத்திவிட்டுக்கொண்டாள். "போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள்.

ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுபடி மேலே போய், மூட்டுக்குப் பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். அவன் வீடு தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள், முதுகு உயரப் பைகளை வாசலில் இறக்கிப் போட்டிருந்தார்கள். பாலத்தைப் பார்த்துவிட்டு, புழுதியோடு, வேர்வையோடு. அவன் குனிந்து குனிந்து கையைக் காட்டினான், அறையைக் காட்டினான், மேலே கூரையில் சுடுதண்ணீர்ப் பெட்டியைக் காட்டினான். நான் காத்திருந்தேன். பழி வாங்கப் போகிறவனுக்குக் கோபம் கொதிக்கும் என்று சொல்வார்கள். எனக்குக் குளிர்ந்திருந்தது, கையை வைத்தால் உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தர் பின்னால் போனார். குழாய் திறந்த சத்தம் எனக்குக் கேட்காது. ஆனால் கையடியில் பைப் ஒரு தடவை குலுங்கியது. பிறகு மெதுவாக நூறு சொல்லிக்கொண்டேன், சோப்புப் போடுகிற நேரம்.

கத்தியைத் திறந்தேன். அதற்குச் சத்தமே பெரிதாக இல்லை, கடைசியில் ஒரு டிக், நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற மாதிரி. அவன் பைப்பில் அலகை வைத்து, அவள் கொடியை வெட்டுகிற மாதிரியே சரித்து, ஓர் இழுப்பு. தண்ணீர் என் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து குடித்தேன்.

பிறகு மெதுவாக வேலை பார்த்தேன். மூட்டையும் கம்பி முறுக்கியிருந்த துண்டையும் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தேன். என் பைப்பின் இரண்டு முனையையும் சேர்த்து, கொண்டுபோன சைக்கிள் டியூப்பை இழுத்துச் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச நேரம் பைப் செருமியது, காற்றைத் துப்பியது, பிறகு ஓடியது. கீழேயிருந்து அவள் பீப்பாயைத் தட்டுகிற சத்தம் வந்தது. டம், டம். வருகிறது என்று அர்த்தம்.

அவன் பைப்பின் வெட்டுப்பட்ட வாயை இலைக்குள் மறைக்கவில்லை. பாதையைப் பார்த்த மாதிரி பாறைமேல் எடுத்து வைத்தேன். ஒரே சரிவு, ஒரே கோடு, பிசிறு இல்லாமல். அந்த வெட்டை அவனுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் வெட்டினேன். கொறட்டால் இதைச் செய்திருந்தால் மாடு கடித்தது, பன்றி கடித்தது என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். பேனாக்கத்தியால் வெட்டினால் வெட்டினவன் பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும். நான் நின்றேன்.

மூச்சு வாங்க ஏறி வந்தான். என்னைப் பார்த்ததும் கால் தயங்கியது, பிறகு பாறைமேலிருந்த பைப்பைப் பார்த்தான். குனிந்து வாயைத் தொட்டுப் பார்த்தான். கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்கவில்லை.

"ஒரு பொம்பள தலை நெறயச் சோப்போட நிக்கிறா மச்சான்," என்றான்.

"ஊத்து சுருங்கிப் போச்சிடா. சாமிதான் வுடணும்."

அவன் முகம் சிறுத்தது. அதைப் பார்க்கத்தான் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"ஒங்களுக்கு ஒரு பீப்பா போதும்னு நெனச்சேன்."

"ஒரு பீப்பாயும் வரலியே. அதையும் பாத்துட்டுத்தான போன."

"அது... கம்பி கொஞ்சம் இறுகிப் போச்சி. எளக்கி விடணும்னு இருந்தேன்."

"நல்லா இருக்கும்போதே இறுக்கிட்டியோ?"

"சும்மா குத்தாத மச்சான். எனக்கு ஆளுங்க வாராங்க. தண்ணி இல்லேன்னா போன்ல எழுதிப் போட்டுர்றாங்க, ஒருத்தனும் வர மாட்டான். ஒனக்குச் செடிதானே?"

"செடியில்லடா. எம் பொண்டாட்டி கழுத்து. கங்காணி வந்து பெரட்டுக்குக் கூப்பிட்டுட்டுப் போறாரு. அவ வாறேங்கன்னு சொல்றா. நீ எங்கூட்டு வாசல்ல ஒக்காந்து அவ தூக்கிட்டு வந்த தண்ணியில டீ குடிச்ச."

காற்று தேயிலையை ஒரு பக்கமாகப் படிய வைத்துக்கொண்டு போனது. கீழே அவன் வாசலில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வேறு பாஷையில்.

"பாதி பாதி போட்டுக்குவோம்," என்றான் கடைசியில்.

"மாட்டேன்."

"கால்வாசி."

"ஒரு சொட்டுக் கெடையாது. கீழ ஓடையில குழி இருக்கு, வத்தாது. அங்கருந்து இழு. ஏறாட்டி மோட்டர் போடு."

அவன் என் முகத்தைப் படித்தான். படித்து முடித்தான் போல, சரி என்று தலையை ஆட்டினான். புதைத்த பைப்பை முழுக்கத் தோண்ட நேரமில்லை, மண்ணுக்கு வெளியே தெரிகிற இடத்தில் அறுத்து, கீழ்ப் பாதியை ஓடைக்குத் திருப்பிக்கொள்கிறேன் என்றான். இடுப்பிலிருந்து கொறட்டை உருவினான். கடக், கடக். ஈரக்கை. நகத்தால் நெம்பினான், அரம் வந்தது. மடக்கினான், டின் வெட்டுவது வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. ஒரு வழியாகக் கத்தி வந்தது. சிமெந்தைச் சுரண்டிச் சுரண்டி முனை மழுங்கிய கத்தி. பைப்பில் வைத்து முன்னும் பின்னும் அறுத்தான், பைப் சுருங்கி வழுக்கியது. கொறட்டு வாயால் பிடித்துக் கடித்தான், நசுங்கியது. எவ்வளவோ வீட்டில் எவ்வளவோ சாமானை இறுக்கின கை, ஒரு ரப்பர் பைப்பை அறுக்க முடியாமல் திணறியது.

"ஓங் கத்தியக் குடு மச்சான்."

கத்தியை மடக்காமல் வைத்திருந்தேன். அவன் கையை நீட்டவில்லை, பாறையைப் பார்த்தான். எங்கள் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் தீராத சண்டை வரும் என்று ஒரு சாஸ்திரம். எத்தனையோ தடவை அவனுக்கு அப்படிக் கீழே வைத்திருக்கிறேன், யோசிக்காமலே. அவனுடைய கொறடு வந்த அன்றைக்கு மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. லயமே அதைக் கைக்குக் கை வாங்கி, விரித்து, மடக்கிப் பார்த்தது. மிளகாயைக்கூடக் கையில் தராத என் மனைவி அதைக் கையில் வாங்கி எனக்குத் தந்தாள், நான் சிரித்துக்கொண்டே அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன். கொறடுதானே என்று நினைத்தோம். உள்ளே ஒரு கத்தி இருப்பதை யாரும் எண்ணவில்லை.

இப்போது என் கையில் இருப்பது என்ன என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"கீழ வையிடா, எடுத்துக்கிறேன்," என்றான்.

"கையில வாங்குங்க."

பேச்சு வந்த நாளிலிருந்து அவனிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அது அவன்மேல் விழுந்ததைப் பார்த்தேன். கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

"என்ன மச்சான் இது," என்றான், குரல் இறங்கி.

"வாங்குங்க. ஒங்க வீட்டுல ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

நீட்டிய கையை நான் இறக்கவில்லை. கீழே அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். அவன் உள்ளங்கையை விரித்தான், நான் பிடியை அதில் வைத்தேன், விரல்கள் மூடின. குனிந்து பைப்பை அறுத்தான். ஒரே இழுப்பில் போனது. அலகைச் சாரத்தில் இரண்டு பக்கமும் துடைத்தான், பழக்கத்தில் பாறையில் வைக்கப் போனான், வைக்கவில்லை. நிமிர்ந்து, மடக்கி, எனக்கு நேராக நீட்டினான்.

"இந்தாங்க," என்றான்.